நாலில் மட்டமான கோப்பை

அத்தியாயம் ஒன்பது

பழைய சாமான் கடை அழகுமுத்துவிடம் நாலு மூடிக் கோப்பைகள் இருந்தன. மூன்று இப்போது மேசைமேல் இருந்தன. நாலாவதைப் புதன்கிழமையே ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"ரெண்டு நாள் பிந்திட்டீங்க மிஸ்," என்றார் அழகுமுத்து.

கேதீஸ்வரி மேசைமேல் இருந்த மூன்றையும் பார்த்தாள். ஏமாற்றமாக இருக்க வேண்டிய இடம் அது. பல் வைத்தியர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால், தொடுவது விரலுக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. பெப்ரவரியில் அந்தக் கடிதம் வந்ததிலிருந்து அவளுக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது. தொண்ணூற்றாறில் விசாரணைக்கென்று வண்டியில் ஏற்றிச் செல்லப்பட்டுக் காணாமல் போன தம்பி கோபிசங்கரைப் பற்றிக் கடைசி எட்டு வருஷம் எழுதிக் கேட்டதற்கு ஒரு அலுவலகம் ஒரே வரியில் பதில் போட்டிருந்தது. தகவல் எதுவும் இல்லை.

காணாமல் போனதைத் தேடிக் கொடுப்பதுதான் அவளுடைய தொழில். முன்பு ஒரு தேயிலை ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தாள். இப்போது ஹட்டனில் மருந்துக் கடைக்கு மேலே ஒரு அறை, இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலி நாகலெட்சுமிக்கு. அவளுக்கு ஐம்பது வயது. முப்பது வருஷம் கொழுந்து பறித்துக் கை ஓய்ந்துவிட்டது. வாய் ஓயவில்லை.

"நாலு கோப்பைய வாங்கி வச்சிருந்தீங்களே, யாரு வாங்குவான்னு நெனச்சீங்க?" என்று நாகலெட்சுமி அழகுமுத்துவைக் கேட்டாள். "காது இல்ல. பக்கத்துல எங்கயும் புடிக்க முடியாது. மூடி வேற. இது கோப்பையா, குங்குமச் சிமிழா?"

"சைனாக்காரங்க ரோட்டு வேலைக்கு வந்தாங்கல்ல அக்கா. போறப்ப குடுத்துட்டுப் போனது. கைவான்னு சொன்னாங்க. இதுக்குள்ளயே எலயப் போட்டு, தண்ணிய ஊத்தி, மூடியச் சாச்சு, சாயத்த மட்டும் எறக்கிருவாங்க. கேத்தலும் வேணாம், வடிகட்டியும் வேணாம்."

கேதீஸ்வரி சுடுதண்ணீர் கேட்டாள். அழகுமுத்து பிளாஸ்க்கைக் கொடுத்தார்.

விஷயம் இதுதான். கொட்டகலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துப் பங்களாவில் வீரய்யா இருபத்திரண்டு வருஷமாகச் சமையல்காரர். போன வருஷம் தைவானிலிருந்து தேயிலை வாங்க வந்த ஒரு அம்மா, தான் ஊர் ஊராகக் கொண்டு திரிந்த மூடிக் கோப்பையைப் பங்களாவிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். திரும்பி வருவேன், இதில்தான் குடிப்பேன் என்று அதற்கு அர்த்தம். நாளை சனிக்கிழமை மத்தியானம் அவள் வருகிறாள். கோப்பையைச் செவ்வாய்க்கிழமை முதல் காணவில்லை. தோட்ட மேலாளரான துரை வீரய்யாவைத் தவிர வேறு யாரையும் விசாரிக்கவில்லை. நாளைக் காலை ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டு நேரத்துக்கு முன் கோப்பை வந்தாக வேண்டும். வராவிட்டால் வீரய்யா வேலையையும் வீட்டையும் விட்டுப் போக வேண்டும்.

வீரய்யாவுக்காகக் கேதீஸ்வரியிடம் வந்தவர் அதே தோட்டத்து டீமேக்கர் மகாலிங்கம். தொழிற்சாலை அவருடைய பொறுப்பு. ஊர் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி. கேதீஸ்வரிக்கும் அதற்குப் பக்கத்து ஊர்தான். "அந்த மனுசன் எடுத்திருக்கமாட்டார், பிள்ளை," என்று வியாழக்கிழமை வந்து சொல்லியிருந்தார். "நீங்கள்தான் கண்டுபிடிச்சுத் தரவேணும். தடிச்ச பீங்கான். விளிம்பு நேரா நிக்கும். நீலக்கோடு ஒண்டு ஓடும்."

அப்படிப்பட்ட சாமான் விற்கவோ வாங்கவோ ஹட்டனில் ஒரே ஒரு கடைதான் உண்டு என்று நாகலெட்சுமி சொன்னாள். அதனால்தான் அழகுமுத்து.

கேதீஸ்வரி மூன்று கோப்பைகளிலும் தண்ணீரை விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை ஊற்றினாள். மூன்றின் விளிம்பும் வெளிப்பக்கம் மலர்ந்திருந்தது. சூடு ஏறும் இடத்திலிருந்து விரலைத் தள்ளி வைக்கத்தான் அந்த மலர்ச்சி. பீங்கான் மெல்லியது, உள்ளே வெள்ளை. மூடி விளிம்புக்குள் இறங்கி, சாய்ப்பதற்குக் கொஞ்சம் இடம் விட்டு நின்றது. கட்டைவிரலும் நடுவிரலும் விளிம்பில், சுட்டுவிரல் மூடியின் குமிழில். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பக்கத்திலிருந்த வாளியில் ஊற்றினாள். ஒன்றுகூடச் சுடவில்லை.

"மூண்டும் நல்லது," என்றாள். "நாலாவது எப்படி?"

அழகுமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது. "அது மட்டம் மிஸ். நீலக்கோடு போட்டது. தடிச்சது. விளிம்பு நேரா நிக்கும். புடிச்சா சுடும். விக்கவே கூச்சப்பட்டு மேசைக்குக் கீழ தள்ளி வச்சிருந்தேன். அந்த மனுஷன் குனிஞ்சு அதத்தான் எடுத்தாரு."

"இந்த மூண்டையும் பார்க்கேல்லையோ?"

"பாத்தாரு. கையில எடுத்தாரு. வச்சிட்டாரு."

"நல்லது மூணு கண்ணு முன்னால இருக்க, மோசமானதக் குனிஞ்சு எடுத்தாரா?" என்றாள் நாகலெட்சுமி. "அப்ப யூனியன் எலெக்ஷன்ல ஓட்டுப் போட்டுப் பழகின ஆளு."

"ஆள் எப்படி?" என்று கேதீஸ்வரி கேட்டாள்.

"மழைக்கோட்டு. ஹெல்மெட்டு. வாசல்ல மோட்டார் சைக்கிள். ஹெல்மெட்டக் கழட்டவே இல்ல."

"டீ குடிக்கிற சாமான் வாங்க வாயை மூடிக்கிட்டு வந்திருக்காரு," என்றாள் நாகலெட்சுமி.

கேதீஸ்வரி மூடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தாள். "வாங்க வாறவர் நல்லதைத்தான் எடுப்பார், அக்கா. இவர் நல்லது தேடேல்லை. ஞாபகத்தில இருக்கிற ஒண்டோட பொருத்திப் பார்த்திருக்கிறார்."

"காணாமப் போனதும் தடிச்சதுதான."

"ஓம். களவெடுத்தவருக்கு அதே மாதிரி இன்னொண்டு என்னத்துக்கு?"

நாகலெட்சுமி யோசித்தாள். "அப்ப களவே இல்ல. எவனோ ஒடைச்சுப்புட்டான். திரும்ப வைக்கிறதுக்கு வாங்கியிருக்கான்." கொஞ்சம் நிறுத்தினாள். "வீரய்யாவா இருக்குமோ?"

"அவர் மோட்டார் சைக்கிள் ஓடுவாரோ?"

"சைக்கிளக் குடுத்தாலே தள்ளிக்கிட்டுத்தான் போவாரு."

கேதீஸ்வரி மேசையைப் பார்த்தாள். விரித்திருந்த பழைய பேப்பரில் வட்டமாக ஒரு கறை இருந்தது. தண்ணீர் ஊறிக் காய்ந்த கறை.

"அதுவும் அந்த ஆளு வேலதான்," என்றார் அழகுமுத்து. "வெடிப்பு இருக்கான்னு பாக்க சுடுதண்ணி கேட்டாரு. ததும்பத் ததும்ப ஊத்துனாரு. மூடிய வச்சதும் சுத்தி வழிஞ்சுருச்சு. தொடைக்கக்கூட இல்ல. மணிக்கூட்டப் பாத்துக்கிட்டே அஞ்சு நிமிஷம் நின்னாரு. பஸ்ஸுக்கு நிக்கிறாப்பல."

அவள் கறையை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு குடையை எடுத்தாள்.

*

பங்களாவின் பின்பக்கக் குசினியில் வீரய்யா கேரட் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரே அளவு, ஒரே தடிப்பு. பக்கத்தில் ஒரு பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது.

"பெட்டியக் கட்டிட்டீங்க, இன்னும் எதுக்கு வெட்டுறீங்க?" என்று நாகலெட்சுமி கேட்டாள்.

"நாளைக்கு விருந்தாளி வர்றாங்கல்ல. நான் இல்லாட்டியும் சாப்புடுவாங்கதான."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. கேதீஸ்வரி, கோப்பை இருந்த அலுமாரியைப் பார்க்கலாமா என்றாள். முடியாது என்றார் வீரய்யா. புதன்கிழமை விடியவே துரை சாப்பாட்டறை அலுமாரியைப் பூட்டிவிட்டார். இருபத்திரண்டு வருஷமாகக் குசினி ஆணியில் தொங்கிய சாவி இப்போது துரையின் சட்டைப் பையில் இருந்தது. ஆணி மட்டும் சுவரில் இருந்தது.

"சாசர் மட்டும் இங்க இருக்கு மிஸ். செவ்வாக்கெழம கழுவுற தொட்டியில கெடந்துச்சு."

அதையும் அவர் கழுவித் துடைத்து வைத்திருந்தார். ஓரத்தில் நீலக்கோடு. நடுவில் கோப்பையின் அடி இறங்குவதற்கு ஒரு பள்ளம். கேதீஸ்வரி அதைக் கடதாசியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள்.

"அந்த மாதிரிக் கோப்பை சுடும் எண்டு சொல்லீனம். நீங்கள் எப்படிப் பிடிச்சீங்கள்?"

வீரய்யா கத்தியை வைத்துவிட்டு ஒரு சாதாரணக் கோப்பையை எடுத்துக் காட்டினார். "அந்தம்மா சொல்லிக் குடுத்தாங்க. முக்காவாசிதான் ஊத்தணும். மேல ஒரு வெரல் காலியா உடணும். அந்தக் காலி எடத்தத்தான் புடிக்கணும். நெறைச்சா புடிக்க எடமே இல்ல, கை வெந்துரும்." கோப்பையைத் திரும்ப மாட்டினார். "எனக்கு ஒருநாளும் சுட்டதில்ல."

"செவ்வாய்க்கிழமை ஆர் வந்தது?"

"ரெண்டு மணிக்கு சாமான் வாங்கக் கொட்டகலைக்குப் போனேன். நாலு மணிக்கு வந்தேன். தொரை கொழும்புல, ராத்திரிதான் வந்தாரு. யாரு வந்தாங்கன்னு நான் பாக்கல மிஸ்."

அவர் மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டார். யாரும் வரவில்லை என்று சொல்லவில்லையே என்று கேதீஸ்வரிக்குத் தோன்றியது. அதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

*

தொழிற்சாலைக்குப் பத்து நிமிஷ நடை. வழியெல்லாம் நாகலெட்சுமி தன் முழங்காலோடு பேசிக்கொண்டு வந்தாள்.

மகாலிங்கம் ருசி பார்க்கும் அறையில் இருந்தார். கதவுக்குப் பின்னால் ஒரு மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் தொங்கின. நீள மேசையில் ஏழு வெள்ளைக் கிண்ணங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் கைபிடியும் மூடியும் உள்ள ஒரு வெள்ளைக் குவளை, வாய் ஓரத்தில் பல் பல்லாக வெட்டியது. அன்றைய தூளை ஒவ்வொன்றிலும் எடை பார்த்துப் போட்டிருந்தார்.

"வாங்கோ பிள்ளை. கடையில கிடைச்சுதோ?"

"இல்லை ஐயா."

"அப்ப என்ன செய்யிறது?" அவர் கேத்தலைத் தூக்கினார். "எல்லா இடமும் பார்த்திட்டியளோ? இந்த அலுமாரியை ஒருக்காப் பாருங்கோவன். ஆரும் மாறிக் கொண்டுவந்து வச்சினமோ தெரியாது."

நாகலெட்சுமி அலுமாரியைத் திறந்தாள். கிண்ணங்களை நகர்த்தினாள். மூன்றாவது வரிசைக்குப் பின்னால் அது இருந்தது. தடித்த பீங்கான், நேரான விளிம்பு, நீலக்கோடு, மூடி.

"நாங்க மல ஏறி மல எறங்குறோம். இது இங்க சொகமா தூங்குது."

"பார்த்தீங்களோ," என்றார் மகாலிங்கம். "டேஸ்டிங் சாமானோட கலந்துபோச்சு. நல்ல காலம்."

கேதீஸ்வரி கோப்பையைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த கேத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் குவளையில் தண்ணீர் விளிம்பைத் தொட்டது. மூடியை வைத்தார். சுற்றிலும் வழிந்தது. இரண்டாவது. மூன்றாவது. ஏழும் ததும்பின. கேத்தலை வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். ருசி பார்க்கும் அறையில் அதுதான் முறை. நிறைத்து ஊற்ற வேண்டும், ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும். முப்பது வருஷம் செய்தால் பிறகு அதைக் கையே செய்யும், மனம் வர வேண்டியதில்லை.

அவள் மூடிக் கோப்பையில் ஒரு சிட்டிகை இலையைப் போட்டு மேசையில் அவர் முன்னால் வைத்தாள்.

"இதுக்கும் ஊத்துங்கோ ஐயா."

அவர் ஊற்றினார். விளிம்பு வரைக்கும். மூடியை வைத்தார். வழிந்தது.

"இப்ப தூக்குங்கோ."

அவர் கை வரவில்லை. வலது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். கட்டைவிரலில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

அவள் துணியால் கோப்பையைப் பிடித்துத் தண்ணீரைக் கொட்டினாள். பையிலிருந்து சாசரை எடுத்து மேசையில் வைத்து, அதன்மேல் கோப்பையை வைத்தாள். அடி பள்ளத்தில் இறங்கவில்லை. பள்ளத்தின் ஓரத்தில் ஏறி நின்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபக்கமாகச் சாய்ந்து, டக் டக் என்று ஆடியது.

"உங்களுக்குக் கோப்பை நிறம் நினைவிருந்திருக்கு. அடி அளவு நினைவில்லை," என்றாள் கேதீஸ்வரி.

மகாலிங்கம் ஸ்டூலில் உட்கார்ந்தார். "புதுசா உருட்டின இலை, பிள்ளை. அந்த மனுசிக்காகவே செய்தது. அவட கோப்பையில எப்படி இறங்குது எண்டு பார்ப்பம் எண்டு சாம்பிள் கொண்டு போனனான். பங்களாவில ஒருத்தரும் இல்லை. நிறைச்சிட்டன். தூக்கினன். சுட்டுது. விட்டிட்டன்."

"ஏன் சொல்லேல்லை?"

"ஓய்வுக்கு எட்டு மாசம் இருக்கு. துரை எப்படிப்பட்டவர் எண்டு தெரியும்தானே. பேசாம இன்னொண்டு வாங்கி வைப்பம் எண்டு போனன். வந்து பார்த்தா அலுமாரியைப் பூட்டிட்டார்." அவர் கோப்பையைப் பார்த்தார். "நீங்கள் கண்டெடுத்தா ஒருத்தரும் கேள்வி கேட்கமாட்டினம். அதுதான் உங்களிட்ட வந்தனான். இதையே கொண்டுபோய்க் குடுங்கோ பிள்ளை. வீரய்யாவும் தப்புவார். எங்கட ஊர்ப் பிள்ளை நீங்கள்."

"நாளைக்கு அந்தம்மா இத சாசர்ல வைப்பாங்கய்யா," என்றாள் நாகலெட்சுமி. "ஆடும். யாரு மாத்தி வச்சான்னு கேப்பாங்க. அப்பவும் வீரய்யாதான். மொதல்ல களவு, பொறவு களவும் பொய்யும்." கேதீஸ்வரியிடம் திரும்பினாள். "மிஸ், உங்களுக்குக் கோவமே வராதா? எனக்கு இந்தக் கேத்தலத் தூக்கி எங்கயாச்சும் ஊத்தணும் போல இருக்கு."

கோபம் வர வேண்டிய இடம்தான். கேதீஸ்வரி தேடிப் பார்த்தாள். இல்லை. கோப்பையையும் சாசரையும் பையில் வைத்தாள்.

"வாங்கோ ஐயா. வீரய்யாவிட்டப் போவம்."

*

மகாலிங்கம் குசினிக்குள் வரவில்லை. வாசற்படிக்கு வெளியே, மழை ஒழுகும் இடத்தில் நின்றார். கேதீஸ்வரி சொல்ல ஆரம்பிக்கும் முன்பே வீரய்யா கையைத் துடைத்துக்கொண்டு மேல்தட்டிலிருந்து மாவு டின்னை இறக்கினார். உள்ளே ஒரு பை இருந்தது. தொழிற்சாலை முத்திரை போட்ட சாம்பிள் பை. மேசையில் கவிழ்த்தார். தடித்த பீங்கான் துண்டுகள், ஏழோ எட்டோ. அவற்றோடு உடையாத மூடி.

"செவ்வாக்கெழம சாயந்தரமே குப்பைக் குழியில பாத்தேன்."

நாகலெட்சுமி அவரையே பார்த்தாள். "அட மனுஷா. இத மாவு டின்னுல வச்சுக்கிட்டா மூணு நாளா கேரட்டு வெட்டுன?"

"நான் சொன்னா தொரை கேப்பாரா? பங்களாவுல எது ஒடைஞ்சாலும் சமையல்காரன் கைதான். துண்டத் தூக்கிக்கிட்டுப் போய் நின்னா, நான் ஒடைச்சுட்டு டீமேக்கரய்யா மேல போடுறேன்னு ஆயிரும்." அவர் வாசல் பக்கம் பார்க்கவில்லை. "தெரிஞ்சவரு வாயால வரணும். அதுக்குத்தான் இருந்தேன்."

"வராட்டி?"

"பெட்டி கட்டி வச்சிருக்கேன்ல."

கேதீஸ்வரி மேசையில் கிடந்த மூடியைப் பார்த்தாள். தெரிந்தவர் வாயால். பெப்ரவரியில் வந்த அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தம்பியை ஏற்றிய வண்டியை ஓட்டியவருக்குத் தெரியும். அன்று பெயரைக் கேட்டு எழுதியவருக்குத் தெரியும். அவர்கள் எங்கோ சாப்பிட்டுக்கொண்டு, மணி பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அவளும் எட்டு வருஷமாக ஒரே அளவில், ஒரே தடிப்பில் எதையோ வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவள் மூடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"துரை உள்ள இருக்கிறார் ஐயா. நான் போய்ச் சொல்லமாட்டன். நீங்கள் போங்கோ."

"போகாட்டி?"

"நாளைக்குப் பெரட்டில எல்லாருக்கும் முன்னால நான் சொல்லுவன். வீரய்யா தப்புவார். ஆனா நீங்கள் சொன்னதா இராது."

மகாலிங்கம் சுட்ட கையாலேயே மூடியை வாங்கிக்கொண்டார். பின்பக்கமாக நுழையாமல், மழையில் பங்களாவைச் சுற்றி முன்வாசலுக்கு நடந்தார். மணி அடிப்பது கேட்டது. கதவு திறப்பது கேட்டது. அதற்குப் பிறகு தகரத்தில் விழும் மழைதான்.

மகாலிங்கம் வாங்கிய கோப்பையை வீரய்யா கேதீஸ்வரியின் பையிலிருந்து எடுத்துக் கழுவினார். இலை போட்டு, முக்கால்வாசி ஊற்றி, கேதீஸ்வரியின் முன்னால் வைத்தார். நக்கிக்கொண்டு குடிக்கக் கையில் கொஞ்சம் சீனியும் கொடுத்தார். நாகலெட்சுமிக்குச் சாதாரணக் கோப்பையில், நிறைய.

"எனக்கு மட்டும் காது வச்ச கோப்பையா?"

"ஒனக்குக் காது வேண்டியதுதான். அடுத்தவங்க பேசுறதக் கேக்குறதுக்கு."

நாகலெட்சுமி கோப்பையைக் காதைப் பிடித்துத் தூக்கி டீயைக் குடித்தாள்.

உள்ளே துரை வீரய்யாவைக் கூப்பிட்டார். வீரய்யா தோளில் இருந்த துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டுப் போனார். போய் எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது கையில் சாவி இருந்தது. சுவருக்குப் போய் அதை ஆணியில் மாட்டினார். ஆடாமல் நிற்கும்வரை விரலால் பிடித்திருந்தார்.

"விடியக் காலையில ஹட்டன் போகச் சொல்றாரு," என்றார். "அந்தம்மாகிட்ட நடந்தத தொரையே சொல்லிருவாராம். அதுக்கு முன்ன, நல்லதா ஒண்ணு பாத்து எடுத்துட்டு வான்னாரு. எதப் பாத்து எடுக்கணும் மிஸ்?"

"விளிம்பு மலர்ந்திருக்கிறதை எடுங்கோ," என்றாள் கேதீஸ்வரி. "மெல்லிசு. மூடி உள்ள இறங்கவேணும்."

"அழகுமுத்து கடைக்கு ஹெல்மெட்டு போட்டுக்கிட்டுப் போயிராதீங்க," என்றாள் நாகலெட்சுமி. பிறகு கேதீஸ்வரியின் கையைப் பார்த்தாள். "மிஸ். என்ன புடி இது?"

கேதீஸ்வரி குனிந்து பார்த்தாள். விளிம்பை அல்ல, கோப்பையின் வயிற்றையே இரண்டு உள்ளங்கையாலும் பிடித்திருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. சீனி கரைந்து விரலிடுக்கில் ஒட்டியிருந்தது. உள்ளங்கை சிவந்திருந்தது.

"சுடலியா?"

அவள் கொஞ்சநேரம் அப்படியே பிடித்திருந்தாள்.

"சுடுது," என்றாள்.